1965-ல் ஜெயித்தது யார்? பாகிஸ்தான்காரரோடு வாதாடுவது எப்படி

செப்டம்பர் 6 காலை ஏழு மணிக்கு எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு லட்டு வந்துவிடும். சார்ஜாவில் ஏசி ரிப்பேர் ஒர்க்‌ஷாப். அங்கே பதினேழு வருடம் வேலை பார்த்தேன். அதில் பதினோரு வருடம் எனக்கு அடுத்த மேஜையில் இருந்தவர் பாகிஸ்தானின் சியால்கோட்காரர். செப்டம்பர் 6 அவர்கள் நாட்டில் பாதுகாப்பு தினம். "வாயை இனிப்பாக்கிக்கோ மதராஸி பாய், 65-ல் லாகூர் வரைக்கும் வந்துட்டு வெறுங்கையோட திரும்பினீங்களே" என்று பெட்டியை நீட்டுவார். முதல் வருடம் லட்டு வேண்டாம் என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். இரண்டாம் வருடம் லட்டைத் தின்றுகொண்டே கத்தினேன். எனக்குத் தெரிந்த விவரமெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்தில் வந்த நாலு வரிதான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அப்புறம் உட்கார்ந்து படித்தேன். மூன்றாம் வருடத்திலிருந்து வாதாட வந்தது.

1965 இந்தியா-பாகிஸ்தான் போரில் ஜெயித்தது யார் என்ற இந்த வாதம், அயல்நாட்டில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு என்றாவது ஒருநாள் வந்தே தீரும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பில் "யார் ஜெயித்தது" என்று ஆரம்பிக்காதீர்கள். "போர் எந்தத் தேதியில் ஆரம்பித்தது?" என்று கேளுங்கள். பாதி வாதம் இந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துவிடும். பாகிஸ்தானில் வளர்ந்தவருக்குப் போர் செப்டம்பர் 6-ல் ஆரம்பிக்கிறது. அன்று இந்தியப் படை சர்வதேச எல்லையைத் தாண்டி லாகூரை நோக்கிப் போனது. அங்கிருந்து பார்த்தால் அது ஒரு தற்காப்புப் போர். லாகூர் விழவில்லை, ஆகவே ஜெயித்தார்கள். அவர்கள் கணக்கில் தப்பே இல்லை. நம் ஆட்களோ ஆகஸ்ட் 5-ல் ஆரம்பிப்பார்கள். காஷ்மீருக்குள் ஆயுதத்தோடு ஆட்களை நுழைய விட்ட ஆபரேஷன் ஜிப்ரால்டர் தொடங்கிய நாள் அது. அங்கிருந்து பார்த்தால் பாகிஸ்தான் காஷ்மீரை எடுக்க வந்தது, எடுக்க முடியவில்லை, ஆகவே நாம் ஜெயித்தோம். இந்தக் கணக்கிலும் தப்பில்லை. இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு, ஒரே மார்க்குக்கு அடித்துக்கொள்கிறோம்.

ஆகஸ்ட் 5 என்ற தேதிக்கு உங்களிடம் ஒரு பலமான சாட்சி உண்டு. 1966 ஜனவரி 10 அன்று சோவியத் யூனியனின் தாஷ்கண்டில் நம் பிரதமர் சாஸ்திரியும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் கையெழுத்துப் போட்ட உடன்பாட்டில், இரண்டு நாட்டுப் படைகளும் 1965 ஆகஸ்ட் 5-க்கு முன்பு இருந்த இடத்துக்கு, பிப்ரவரி 25-க்குள் திரும்ப வேண்டும் என்று இருக்கிறது. செப்டம்பர் 6 என்று போடவில்லை. அயூப் கானே ஒப்புக்கொண்ட தேதி. நான் முதல்முறை இதைச் சொன்னபோது எங்கள் சியால்கோட் பாய் மல்டிமீட்டரைக் கீழே வைத்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

சும்மா இருந்தவர் மறுநாள் படித்துவிட்டு வந்தார். "மே மாதம் கார்கிலில் எங்கள் சாவடிகளைப் பிடித்தது யார்?" உண்மைதான். 1965 மே மாதம் இந்தியப் படை கார்கில் பக்கம் மலைமேல் இருந்த சாவடிகளைப் பிடித்தது, ஜூன் கடைசியில் திருப்பிக் கொடுத்தது. அதற்கும் முன்னால் ஏப்ரலில், குஜராத் எல்லையில் இருக்கும் உப்புச் சதுப்பு நிலத்தில் கட்ச் ரண் சண்டை. அது பிரிட்டிஷ் பிரதமர் வில்சன் தலையிட்டு நின்றது. ஆக, எந்தத் தேதியைச் சொன்னாலும் அதற்கு ஒரு முந்தின தேதி இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாயைத் திறங்கள். எங்கள் இருவருக்கும் இடையே ஆகஸ்ட் 5 என்று ஒப்பந்தம் ஆனது. அதற்குப் பதிலாக நான் கார்கிலை ஒப்புக்கொண்டேன்.

அடுத்த வேலை, மேஜையில் ஒரு வரைபடம். வாயால் பேசும்போது எல்லா ஊரும் பக்கத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும். நாங்கள் கையில் கிடைத்ததை வைத்துப் போட்டோம். பெரிய கெப்பாசிட்டர் லாகூர். காண்டாக்டர் அமிர்தசரஸ். இரண்டுக்கும் நடுவே வளைந்த செப்புக் குழாய்தான் இச்சோகில் கால்வாய். அவர்கள் பி.ஆர்.பி. கால்வாய் என்பார்கள், பேரிலேயே ஒரு சண்டை. வடக்கே ஒரு தெர்மோஸ்டாட் அக்னூர். லாகூருக்கும் அக்னூருக்கும் நடுவில் சியால்கோட், அதற்குப் பக்கத்தில் சவிண்டா. தெற்கே ஒரு நட்டு, அது கேம்கரண்.

இப்படி வைத்ததும் ஒரு விஷயம் புரியும். செப்டம்பர் 1-ல் பாகிஸ்தான் படை சம்ப் பகுதியில் டாங்குகளோடு அக்னூரை நோக்கி வந்தது. அதற்குப் பேர் ஆபரேஷன் கிராண்ட் ஸ்லாம். அக்னூரில் செனாப் ஆற்றுப் பாலம் போயிருந்தால் ரஜௌரி, பூஞ்ச் பக்கம் இருந்த இந்தியப் படைக்குச் சோறு தண்ணி போகாது. தெர்மோஸ்டாட்டைக் காப்பாற்றத்தான் கெப்பாசிட்டரை அடித்தார்கள். லாகூரைத் தொட்டால் பாகிஸ்தான் தன் படையை வடக்கிலிருந்து கீழே இழுத்தே ஆக வேண்டும், இழுத்தது. "லாகூரைப் பிடிக்க முடியாமல் ஓடினீர்கள்" என்பதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. பேசாமல் செப்புக் குழாயைக் காட்டினாலே போதும்.

ஆனால் இங்கே நேர்மையாக இருக்க வேண்டும். லாகூர் பக்கம் நம் ஆட்டம் சுத்தமாக இல்லை. முதல் நாளே மூன்றாவது ஜாட் பட்டாலியன் கால்வாயின் இந்தக் கரையில் இருக்கும் டோக்ராயைப் பிடித்து, கால்வாயைத் தாண்டியும் போய்விட்டது. பின்னால் துணைக்கு ஆள் வராததால் திரும்ப வேண்டியிருந்தது. அதே டோக்ராயை செப்டம்பர் 21, 22 இரவில் கைகலப்பு வரை போய் மறுபடி பிடித்தார்கள். அந்தப் பகுதி டிவிஷன் தளபதி தன் ஜீப்பை விட்டுவிட்டு வர வேண்டியதாகி, அதிலிருந்த காகிதங்கள் பாகிஸ்தான் கையில் சிக்கின. அவரை உடனே மாற்றினார்கள். மேற்குப் படைப்பிரிவுத் தளபதி ஹர்பக்ஷ் சிங் பிற்பாடு எழுதியதில் நம் யூனிட்டுகளையே விளாசியிருக்கிறார்.

இதையெல்லாம் எதிராளி எடுக்கும் முன் நீங்களே எடுத்து மேஜையில் வையுங்கள். நான் சொல்லிக்கொடுக்கும் தந்திரத்தில் இதுதான் முக்கியமானது. இரண்டு தோல்வியை முதலில் ஒப்புக்கொண்டால் எதிரே இருப்பவர் தன் பக்கத்து இரண்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. மனுஷ சுபாவம் அப்படி. நான் சவிண்டாவை ஒப்புக்கொண்டேன். ஃபில்லோராவை செப்டம்பர் 11-ல் பிடித்த நம் கவசப் படை, சவிண்டாவில் பல நாள் முட்டியும் உள்ளே போக முடியவில்லை. அங்கேதான் பூனா ஹார்ஸ் டாங்குப் படையின் தளபதி தாராபூர் செப்டம்பர் 16-ல் உயிர்விட்டார், பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். சியால்கோட் பாயின் தாய்மாமா வீடு அந்தப் பக்கம்தான். சவிண்டாவை நான் வாய்விட்டுச் சொன்ன அன்று அவர் எனக்கு சுலைமானி, அதாவது பால் இல்லாத டீ, வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, "கிராண்ட் ஸ்லாம் நடுவில் தளபதியை மாற்றினான் பாரு, அதுதான் எங்களைக் கெடுத்தது" என்று ஆரம்பித்தார். அக்தர் மாலிக்கை எடுத்துவிட்டு செப்டம்பர் 2-ல் யஹ்யா கானைப் போட்டது அவர்கள் வீட்டுக்குள்ளேயே அறுபது வருடமாக ஓடும் சண்டை. அதில் நீங்கள் தலையிட வேண்டாம். தலையை மட்டும் ஆட்டுங்கள், மீதியை அவரே பேசிக்கொள்வார்.

எண்ணிக்கைக்கு வருவோம். இதில் ஒரே ஒரு விதி: யாரும் எதிரிக்கு ஏற்படுத்தியதாகச் சொல்லும் சேதத்தை நம்பாதீர்கள், தனக்கு ஏற்பட்டதாக ஒப்புக்கொண்ட சேதத்தை மட்டும் நம்புங்கள். இரண்டு விமானப்படையும் சுட்டுத் தள்ளியதாகச் சொல்வதைக் கூட்டிப் பாருங்கள். அவரவர் இழந்ததாக ஒப்புக்கொண்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். பாகிஸ்தான் விமானி எம்.எம்.ஆலம் சர்கோதா மேலே ஒரு நிமிடத்துக்குள் நம் ஐந்து ஹண்டர் விமானங்களை வீழ்த்தினார் என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த கதை. ஐந்து என்பதை நம் பதிவுகள் ஏற்பதில்லை. நம் சின்ன நாட் விமானங்கள் பாகிஸ்தானின் அமெரிக்க சேபர் விமானங்களை விழுத்தியது இங்கே நமக்குப் பெருமை. அதே நாட் ஒன்று செப்டம்பர் 3-ல் பாகிஸ்தானின் பஸ்ரூரில் இறங்கி மாட்டிக்கொண்டு, கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. விமானக் கணக்கில் நம் இழப்பு அதிகம். பதான்கோட்டிலும் கலைகுண்டாவிலும் தரையில் நின்ற விமானங்களே நிறைய எரிந்தன. மழுப்பாமல் சொல்லிவிடுங்கள்.

நிலக் கணக்குக்கு மூன்றாம் ஆள் வேண்டும். நான் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் மதிப்பீட்டைச் சொல்வேன். சண்டை நின்றபோது இந்தியா வசம் பாகிஸ்தான் நிலம் 710 சதுர மைல், பாகிஸ்தான் வசம் இந்திய நிலம் 210 சதுர மைல். இறந்தவர்கள் இந்தியா பக்கம் 3,000, பாகிஸ்தான் பக்கம் 3,800. "ராஜஸ்தான் மணலையும் சேர்த்துத்தானே எங்களுக்கு 210?" என்று அவரே முந்திக்கொண்டு சிரிப்பார். நம் கணக்கிலும் சிந்து மணல் இருக்கிறது என்று நான் சிரிப்பேன்.

இங்கே கொஞ்சம் கதை சொல்ல விடுங்கள். என் சித்தப்பா படையில் லாரி ஓட்டினவர். அவர் சொன்ன ஊர் பேர் ஒன்றே ஒன்றுதான், அசல் உத்தர். பஞ்சாப்காரர்கள் அதைச் 'சரியான பதில்' என்று பொருள் வரும்படி வாசிப்பார்கள். பாகிஸ்தானின் முதல் கவச டிவிஷன் அமெரிக்க பாட்டன் டாங்குகளோடு கேம்கரண் வழியாக உள்ளே வந்தது. பியாஸ் பாலம் வரை போய் அமிர்தசரஸைத் துண்டிக்கிற திட்டம். நம் ஆட்கள் வாய்க்காலை உடைத்து வயலில் தண்ணீரைக் கட்டிவிட்டார்கள். ஆள் உயரக் கரும்பு. குதிரை லாடம் மாதிரி வளைந்து நின்று நடுவிலே வர விட்டார்கள். கனத்த டாங்குகள் சேற்றில் இறங்கின, திரும்ப இடமில்லை. டாங்க் ஒன்று சேற்றில் மாட்டினால் எஞ்சின் எப்படி இரைந்து அடங்கும் என்று சித்தப்பா வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டுவார். நேரில் பார்த்தாரா, கேட்டதைச் சொன்னாரா, நான் கேட்டதில்லை. செப்டம்பர் 8 முதல் 10 வரை மூன்று நாளில் 97 டாங்குகள் அழிந்தோ சிக்கியோ போயின என்பது நம் தரப்புக் கணக்கு. பிடித்த டாங்குகளை வரிசையாக நிறுத்திய இடத்துக்கு பாட்டன் நகர் என்றே பேர் வந்தது.

அந்தச் சண்டையில் ஜீப்பில் வைத்த பீரங்கியால் டாங்குகளை அடித்துவிட்டு 10-ஆம் தேதி இறந்தவர் அப்துல் ஹமீது. உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துக்காரர், கிரனேடியர்ஸ் படை, பரம்வீர் சக்ரா. இந்தப் பெயரைச் சொல்லும்போது குரலை உயர்த்தாதீர்கள். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். உயர்த்தினீர்கள் என்றால் வாதம் மதச் சண்டையாகிவிடும், அப்புறம் 1965 காணாமல் போய்விடும். எதிரே இருப்பவர் பதிலுக்கு பர்க்கியில் கால்வாய்க் கரையில் நின்று இறந்த மேஜர் அஜீஸ் பட்டியைச் சொல்வார், அவர்கள் நாட்டின் உயர்ந்த வீர விருதான நிஷானே ஹைதர் பெற்றவர். மரியாதையாகக் கேளுங்கள். கேட்க வேண்டிய கதைதான்.

அசல் உத்தரைச் சொன்ன கையோடு இதையும் சொல்லிவிடுங்கள்: கேம்கரண் ஊரை நாம் மீட்கவில்லை. டாங்குகள் அத்தனை எரிந்தும் சண்டை நின்ற நாளில் ஊர் அவர்கள் கையில்தான் இருந்தது. இது எனக்கு எட்டு வருடம் தெரியாது. சியால்கோட் பாய்தான் சொல்லிக்கொடுத்தார், அதுவும் நாலு பேர் முன்னால். அன்று எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

செய்யக் கூடாததும் கொஞ்சம் உண்டு. 1971-ஐ இழுக்காதீர்கள். "டாக்காவில் சரணடைந்தீர்களே" என்றால் 65-க்கு உங்களிடம் பதில் இல்லை என்று ஆகிவிடும். அவரும் 1962 என்பார், பேச்சு சீனாவுக்குப் போய்விடும். "உங்கள் தளபதி லாகூர் ஜிம்கானாவில் மாலை விருந்து என்று சொன்னார்" மாதிரிக் கதைகள் வந்தால், எந்த நாள், யாரிடம், எந்தப் பத்திரிகையில் என்று மட்டும் கேளுங்கள். அதே கேள்வியை உங்கள் வாட்ஸப் குழுவிடமும் கேளுங்கள். வாதம் இந்தியிலா உருதிலா என்றும் ஆரம்பிக்காதீர்கள். என் அப்பா 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் தடியடி பட்டவர். அதே வருடக் கடைசியில் சாஸ்திரி சொல்லிவிட்டார் என்று திங்கட்கிழமை ராத்திரி பட்டினியாகப் படுத்தவரும் அவர்தான். அவர் மகன் இந்தி கற்றுக்கொண்டது ஒரு பாகிஸ்தான்காரரிடம். நான் கற்றது உருது என்று சியால்கோட் பாயும், இந்தி என்று பீகார்க்காரரும் சொன்னார்கள். போகட்டும்.

கடைசியாக ஒன்று வரும், அதற்குத் தயாராக இருங்கள். "ஜெயித்தவன் எதற்கு ஹாஜி பீரைத் திருப்பிக் கொடுத்தான்?" ஆகஸ்ட் 28-ல் ரஞ்சித் சிங் தயாளும் அவர் ஆட்களும் ராத்திரி முழுக்க மழையில் ஏறிப் பிடித்த கணவாய். ஊடுருவல் வழியை அடைக்கும் இடம். தாஷ்கண்டில் அது போனது. அதை எதிர்த்து மகாவீர் தியாகி மத்திய மந்திரி பதவியை விட்டார். இதற்குச் சாமர்த்தியமான பதில் எதுவும் என்னிடம் இல்லை. ஆகஸ்ட் 5 என்ற தேதியை நாம் எடுத்தால் அதோடு ஹாஜி பீரும் போகும், இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். வேண்டுமானால் இன்னொன்றைச் சேர்க்கலாம். செப்டம்பர் 20 வாக்கில் வெடிமருந்து தீரப்போகிறது என்று தலைமைத் தளபதி சௌத்ரி சாஸ்திரியிடம் சொன்னார். பிற்பாடு பார்த்தால் முன்னணி வெடிமருந்தில் 14 சதவீதம்தான் செலவாகியிருந்தது என்று நம் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாறே சொல்கிறது. நான் இதைச் சொன்னதும் "எங்களிடம் நிஜமாகவே தீர்ந்திருந்தது பாய்" என்று அவர் சிரித்தார். செப்டம்பர் 8-லிருந்தே அமெரிக்கா இரண்டு நாட்டுக்கும் ஆயுதத்தை நிறுத்தியிருந்தது. அமெரிக்க டாங்கும் அமெரிக்க விமானமும் வைத்திருந்தவர்களுக்கு அடி பலமாக விழும்தானே.

ஜெயித்ததாகச் சொன்ன அயூப் கானை எதிர்த்து லாகூரில் மாணவர்களே தெருவுக்கு வந்ததையும், அவருடைய வெளியுறவு மந்திரி புட்டோ அவரை விட்டு விலகியதையும், 1969 மார்ச்சில் அவர் பதவி போனதையும் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். தானாகச் சொன்னால் குத்திக்காட்டுகிற மாதிரி இருக்கும்.

இத்தனையும் பழகி, இரண்டு பேரும் கிட்டத்தட்ட சம நிலைக்கு வந்திருந்த ஒரு வருடம், லட்டு நாளில் மெஸ்காரர் தட்டு எடுக்க வந்தார். வங்காளதேசத்தின் சில்ஹட்காரர், எங்கள் இருவரையும் விட மூத்தவர். மேஜை மேல் இருந்த செப்புக் குழாயையும் கெப்பாசிட்டரையும் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார், சொன்னோம்.

"இதில் டாக்கா எங்கே?"

அவர் கேட்டது சரிதான். 1965-ல் அதுவும் பாகிஸ்தான். அந்தப் பதினேழு நாளும் படை மேற்கைக் காத்துக்கொண்டிருந்தது, கிழக்குக்கு இருந்தது ஒரே ஒரு டிவிஷன்தான். எங்களை யார் காப்பாற்றுவார்கள் என்ற கேள்வி அங்கே அப்போதே எழுந்தது. 1966 பிப்ரவரியில் ஷேக் முஜிபுர் ரஹ்மான் ஆறு அம்சக் கோரிக்கையை வைத்தபோது, கிழக்குக்குத் தனிக் காவல் படை வேண்டும் என்பது அதில் ஒன்று. வைத்த இடம் லாகூர்.

சியால்கோட் பாய் ட்ராயரைத் திறந்து துழாவி ஒரு பழைய ஃபியூஸை எடுத்தார். மேஜையில் அதற்கு இடமில்லை. எழுந்து போய் எதிர்ச் சுவர் ஓரம் இருந்த கம்ப்ரஸர் மேல் வைத்துவிட்டு வந்தார். மெஸ்காரர் அவர் பெட்டியிலிருந்து ஒரு லட்டை எடுத்துக்கொண்டு தட்டுகளோடு போனார். உங்கள் மேஜையிலும் வங்காளதேசத்துக்காரர் யாராவது இருந்தால், அவரை முதலில் பேச விடுங்கள். 1971-ஐ இழுக்கக் கூடாது என்ற விதி அவருக்குக் கிடையாது.